பின்கதவடிச் சப்பாத்து

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தது என் ஐம்பத்தோராவது வயதில். அதற்கு முன் ஆங்கிலம் எனக்குச் சிரிப்புக் காட்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் அழவைத்தது. வேலை பார்க்கும் கந்தோரில் வாய்மூட வைத்தது. பதவி உயர்வுப் பரீட்சையில் இரண்டு தரம் விழுத்தியது. மூன்றாம் தரம் எழுதத்தான் மருதனார்மடத்து ரியூட்டரி ஒன்றில் சேர்ந்தேன். இந்த முறையும் தவறினால் பிறகு எழுத வயது விடாது.

வகுப்பு சனிக்கிழமை காலையில், மேல்மாடி அறையில். கீழே சந்தை இரைச்சல், லொறிகள் பின்னுக்கு எடுக்கும் சத்தம். பன்னிரண்டு பேர், எல்லோரும் வளர்ந்தவர்கள். புத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் போய் இறங்கி, படியேறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முன்வரிசைக் கதிரையில் உட்காருவேன். கொப்பியைத் திறந்து, சுழி போட்டு, திகதி எழுதி, தயாராக இருப்பேன். நேரத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

படிப்பிக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. வல்வெட்டித்துறையிலிருந்து பஸ்ஸில் வருவார். முதல் நாள் என்னை "அன்ரி" என்றார். நான் பார்த்த பார்வையில் அடுத்த வசனத்திலேயே "அக்கா" ஆகிவிட்டது. நாங்கள் எல்லோரும் அவரை "ரீச்சர்" என்றோம். படிப்பு முடித்து அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தார். அதுவரைக்கும் அவருக்கு இருந்த ஒரே வேலை எங்கள் வகுப்புத்தான். வளர்ந்த ஆட்கள் இந்தச் சின்னப் பிள்ளையின் சொல் கேட்பார்களா என்று ரியூட்டரியின் பொறுப்பாளர் முதலில் தயங்கினாராம். பார்ப்போம் என்றுதான் சேர்த்தாராம். அவரை நாங்கள் "சேர்" என்போம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை ரீச்சர் இலக்கணப் பயிற்சியை அரைமணி நேரத்தோடு நிறுத்திவிட்டு எல்லோருக்கும் இரண்டு பக்கப் பிரதி ஒன்று தந்தார். ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் எங்கள் பெயரை எழுதி வைப்பது அவர் பழக்கம். பிரதியின் மேற்பகுதி போட்டோக்கொப்பி அடித்ததில் வெட்டுப்பட்டிருந்தது. தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை.

"இது ஒரு பகிடிக் கதை. துப்பறியிற கதையும்தான். களவெடுத்தது ஆர் எண்டு கண்டுபிடிச்சுக்கொண்டு வாங்கோ. மிச்சத்தை அடுத்த கிழமை தாறன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சைக்கு இன்னும் பத்துக் கிழமைதான் இருக்கிறது. நான் வினைச்சொல்லில் தடுமாறிக்கொண்டு இருக்கிறேன். இவர் பகிடிக் கதை தருகிறார். "ரீச்சர், உந்தக் கதை பரீட்சைக்கு வருமோ?" என்று கேட்டேன். "கதை வராது அக்கா. வாசிக்கத் தெரியோணும் எண்டது வரும்" என்றார். வாய்க்குப் பதில் வாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கோபம் வந்தால் ஆட்கள் நேரே போய்க் கதைப்பது குறைவு. பெட்டிசம் எழுதுவார்கள். நான் வேலை செய்யும் பிரதேச சபைக் கந்தோரில் பெட்டிசங்கள் வந்து விழுவது என் மேசையில்தான். பக்கத்து வீட்டுத் தென்னை சாய்ந்து நிற்கிறது, முன்வீட்டுக்காரர் வாய்க்காலை மறித்துவிட்டார், வேலி அரை முழம் நகர்ந்துவிட்டது. பாதிக்குமேல் பெயரில்லாதவை. அவற்றை எழுதியது யார் என்று நான் அநேகமாகச் சொல்லிவிடுவேன். எழுத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, எந்த இடத்துத் தபால் முத்திரை என்று பார்த்து. கந்தோரில் எனக்கு அதில் ஒரு பெயரே உண்டு.

ஆகவே, என் பெட்டிசத்தை எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தேன். வீட்டில் கிடந்த கோடு போடாத தாள் ஒன்றை எடுத்தேன். நான் ஒருநாளும் பாவிக்காத பச்சை மைப் பேனை ஒன்றைத் தேடி எடுத்தேன். சுழி போட்டு, "பெருமதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கி, வலப்பக்கம் சாயும் என் எழுத்தை இடப்பக்கம் சாய்த்து எழுதினேன். பரீட்சைக்குப் படிக்க வந்தவர்களுக்குக் கதை சொல்லிக் காலம் கழிக்கப்படுகிறது, ஆசிரியை அனுபவமற்றவர், தகுந்த நடவடிக்கை எடுக்கவும். கீழே "பாதிக்கப்பட்ட மாணவர்". ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. திங்கட்கிழமை கந்தோர் அலுவலாக யாழ்ப்பாணம் போனபோது அங்கேயே தபாற்பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன்.

புதன்கிழமை மதியம் கந்தோரில் மின்சாரம் இல்லை. கம்பியூட்டர் கறுத்துப்போய் இருந்தது. சாப்பாட்டுப் பையைத் துழாவியபோது அந்த இரண்டு பக்கமும் கையில் வந்தன. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாதபடியால் அகராதியையும் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன்.

கதை ஒரு இங்கிலாந்துச் சிறு பட்டினத்தில் நடக்கிறது. ஓய்வுபெற்ற கப்பல் கப்டன் ஒருவர். அவரிடம் ஒரு மணிக்கூடு. எத்தனை மணி என்றாலும் அது பதின்மூன்று தரம்தான் அடிக்கும், தெருமுழுவதும் கேட்க அடிக்கும். கப்டன் கால் முறிந்து மாவுக்கட்டோடு கதிரையில் கிடக்கிறார். ஒருநாள் மத்தியானம் நித்திரையாகிவிடுகிறார். வழக்கமாக அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர், அது அடிக்காததால் திடுக்கிட்டு விழிக்கிறார். மணிக்கூட்டைக் காணோம்.

இந்த இடத்தில் எனக்கு உதடு கொஞ்சம் இளகியது. எங்கள் ஒழுங்கையிலும் ஒரு தண்ணீர் மோட்டர் இருக்கிறது. அது நின்றால்தான் எனக்கும் முழிப்பு வரும்.

பொலிஸ்காரர் வந்து தெருவில் வீடு வீடாக விசாரிக்கிறார். ஒருவருக்கும் கவலை இல்லை. எதிர்வீட்டு விதவை, "நான் எடுக்கவில்லை, ஆனால் எடுத்தவரைக் கண்டால் தேநீர் குடிக்க வரச் சொல்லுங்கள்" என்கிறாள். மூலைக்கடைத் தையற்காரர், "பதினொரு வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், யாரோ முந்திவிட்டான்" என்று வருத்தப்படுகிறார். பாதிரியார் வானத்தைப் பார்த்து நன்றி சொல்கிறார். எல்லோருக்கும் காரணம் இருக்கிறது, எல்லோரும் அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள். சந்தேகப்பட ஆள் இல்லாமல் அல்ல, எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியிருப்பதால் பொலிஸ்காரர் திணறுகிறார்.

தையற்காரரின் வரிக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைப் பிள்ளை எட்டிப் பார்த்தாள். அகராதியில் தேடித் தேடி வாசித்த எனக்கே சிரிப்பு வந்தது என்றால், எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருக்க வேண்டும். நாங்கள் ஒருவரைச் சிரிக்க வைக்க எவ்வளவு கத்துகிறோம், முகத்தை எப்படியெல்லாம் கோணுகிறோம். இந்த மனிதர் குரலை உயர்த்தவே இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார், பகிடி தானாக வந்து விழுகிறது. வியாழனும் வெள்ளியும் நான் அந்தக் கள்ளனையே யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டிசம் எழுதியது எனக்கு நினைவிலேயே இல்லை என்றால் நம்பமாட்டீர்கள்.

சனிக்கிழமை வகுப்பு அமளிப்பட்டது. என் பக்கத்துக் கதிரையில் குருநகர் அண்ணை ஒருவர் இருந்தார். படகு இயந்திரம் திருத்துபவர். கப்பல் வேலைக்குப் போவதற்காக ஆங்கிலம் படித்தார். அவர் பாதிரியாரைப் பிடித்தார். "சாமி எண்டாலும் மனுசன்தானே. பூசை நேரத்திலை பதின்மூண்டு தரம் அடிச்சா ஆருக்குப் பொறுக்கும்?" நான் விதவை என்றேன். தேநீருக்குக் கூப்பிட்டது பாசாங்கு என்று ஆங்கிலத்திலேயே வாதாடினேன். வினைச்சொல் எல்லாம் எங்கே போயிற்றோ, நான் கவலைப்படவில்லை.

ரீச்சர் எல்லோரையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "அக்கா, முதல் பக்கத்திலை மூண்டாவது பந்தியை ஒருக்கா வாசியுங்கோ" என்றார்.

வாசித்தேன். மழை பெய்கிறது. பொலிஸ்காரர் கப்டனின் சத்தம் கேட்டுப் பின்வாசலுக்கு ஓடி வருகிறார். படியில் ஒரு பூனை வழி விடாமல் படுத்திருக்கிறது. பொலிஸ்காரர் பூனைக்குச் சட்டம் விளங்கப்படுத்துகிறார். பூனை கேட்கவில்லை. பூனையைச் சுற்றி வந்து, சேறு பிடித்த ஒரு சோடிச் சப்பாத்தைத் தாண்டி, கதவைத் தட்டுகிறார்.

"இன்னொருக்கா."

மறுபடியும் வாசித்தேன். பூனைக்கு எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள்.

"இந்த வீட்டிலை இப்ப எத்தினை பேர்?" என்று கேட்டார் ரீச்சர். கப்டன் ஒருவர்தான். வீடு கூட்டும் பெண் குசினித் தரையைக் கழுவிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டாள். "கப்டன்ரை காலிலை என்ன?" ஒன்றில் மாவுக்கட்டு, மற்றதில் வீட்டுச் செருப்பு. "அப்ப மூண்டாந்தரம் வாசியுங்கோ அக்கா."

மூன்றாம் தரம் வாசிக்கும்போது சப்பாத்து என்ற சொல்லில் என் நாக்கு நின்றுவிட்டது.

"அது ஆரின்ரை சப்பாத்து?" என்றேன்.

ரீச்சர் எங்கள் வாசலைக் கையால் காட்டினார். பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். வாசலில் பன்னிரண்டு சோடி எங்களுடையவை, ஒரு சோடி அவருடையது.

"இங்கிலாந்துக்காரர் வீட்டுக்குள்ளையும் சப்பாத்தோடைதான் நடப்பினம். இந்த வரியை வாசிக்கிற இங்கிலாந்துக்காரனுக்கு ஒரு சின்ன உறுத்தல் வந்திருக்கும். எங்களுக்கு வராது. வாசல் எண்டா செருப்புக் கிடக்கத்தானே வேணும்? ஒவ்வொரு நாளும் செய்யிறதை நாங்கள் காணுறேல்லை" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் மூன்று தரம் வாசித்ததற்குத்தான் சிரிக்கிறார் என்று எண்ணினேன்.

"கள்ளன் எண்டாலும் வீட்டுக்கை சப்பாத்தோடை போறதோ? நல்ல வளர்ப்பு!" என்றார் குருநகர் அண்ணை. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது.

அந்தப் பந்தியை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். சப்பாத்தை எழுதியவர் ஒளிக்கவில்லை. கதவுக்கு முன்னால், பட்டப்பகலில் வைத்திருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பூனையைப் படுக்க வைத்துவிட்டார். நாங்கள் பூனையைப் பார்த்துக்கொண்டு சப்பாத்தைத் தாண்டிப் போய்விட்டோம், அந்தப் பொலிஸ்காரரைப் போலவே. பகிடி வேறு துப்பு வேறு என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் பகிடியைக் கொண்டே துப்பை மூடியிருக்கிறார். பெயர் தெரியாத அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கடைசிப் பக்கத்தைக் கொடுக்க ரீச்சர் கோப்பைத் திறந்தபோதுதான் சேர் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். பச்சை மை.

"ஒரு பெட்டிசம் வந்திருக்கு. பேர் இல்லை. ஆனா எழுதினது உங்களிலை ஒராள்தான்" என்றார். "பரீட்சைக்கு வந்த ஆக்களுக்குக் கதை எதுக்கு எண்டு கேட்டிருக்கினம். கேள்வி ஞாயம்தானே. உந்தக் கதையை இதோடை விடுவம். அடுத்த மாதம் இலக்கணத்துக்கு வேறை ஒரு ஆளைப் போடுறன்."

ரீச்சர் எடுத்த தாள்களைத் திரும்பக் கோப்புக்குள் வைத்து மூடினார். கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

சேர் போனதும் குருநகர் அண்ணை வெடித்தார். "ஆரது உந்த வேலை பாத்தது? எழுதுறதெண்டா கடைசிப் பக்கத்தை வாசிச்சுப்போட்டு எழுதியிருக்கலாமே!" எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தக் கிழமை எனக்கு நரகம். ஒரு பிள்ளையின் ஒரே வேலையைப் பச்சை மையால் பறித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை என்ன செய்தேன் தெரியுமா? ரீச்சரைப் புகழ்ந்து இன்னொரு பெட்டிசம் எழுதத் தொடங்கினேன், அதுவும் பெயரில்லாமல்! இரண்டு வரி எழுதியபின் எனக்கே அருவருத்துப் போயிற்று. கிழித்தேன். பெயரில்லாத புகழ்ச்சியை நான் என் மேசையில் என்ன செய்கிறேன்? கோப்பில்கூடப் போடுவதில்லை. நேரே போய் வாயால் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

சனிக்கிழமை அரைமணி நேரம் முந்திப் போய்ப் படியில் காத்து நின்றேன். ரீச்சர் பஸ்ஸால் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"ரீச்சர், அந்தப் பெட்டிசம் எழுதினது நான்" என்றேன்.

"தெரியும் அக்கா."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

கோப்பிலிருந்து என் வீட்டுப் பயிற்சித் தாள்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும், ஆங்கிலத் திகதிக்கு மேலே, ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு.

"அந்தப் பெட்டிசத்திலையும் இதே சுழி, இதே ரெண்டு கோடு. வகுப்பிலை பன்னிரண்டு பேர். இங்கிலிஷுக்கு மேலை பிள்ளையார் சுழி போடுறது நீங்கள் ஒராள்தான். வியாழக்கிழமை சேர் காட்டேக்கையே தெரிஞ்சிட்டுது."

மை மாற்றினேன், தாள் மாற்றினேன், எழுத்தைச் சாய்த்தேன், ஊர் மாறிப் போய்ப் போட்டேன். எல்லாம் பூனை. சப்பாத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சுழி போட்டதை நானே மேலே எழுதியும் இருக்கிறேன், நீங்கள் எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியாது.

"அப்ப சேருக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் வெக்கத்திலை வகுப்புக்கு வராமல் விட்டிடுவியள். உங்களுக்கு இது கடைசித் தரம் எண்டு முதல் நாளே சொன்னனீங்களெல்லே?"

ஐம்பத்தொரு வயதில் ஒரு மாடிப்படியில் நின்று அழுதேன். கீழே சந்தையில் யாரோ வாழைக்குலைக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார்.

சேரின் அறைக்கு நேரே போனேன். நான்தான் எழுதினேன், எழுதியது பிழை, கதையை வாசிக்காமலே எழுதினேன் என்றேன்.

"வாயாலை சொன்னாக் காணாது. எழுதித் தாங்கோ" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

பேனையை எடுத்தேன். என்னைக் கேளாமலே கை தாளின் தலைக்குப் போய்ச் சுழி போட்டது, கீழே இரண்டு கோடும் இழுத்தது. கதவடியில் நின்ற ரீச்சர் பக்கென்று சிரித்துவிட்டார். சேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுக் கதையையும் எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். என் வாழ்க்கையில் பெயரோடு எழுதிய முதல் பெட்டிசம் அது.

சேர் இரண்டு தரம் வாசித்தார். "சரி, பரீட்சை முடியுமட்டும் இவவே படிப்பிக்கட்டும். பிறகு பாப்பம்" என்றார். நாங்கள் வெளியே வரும்போது, "அது சரி, அது ஆரின்ரை சப்பாத்து?" என்று பின்னால் குரல் கேட்டது.

அன்றைக்குக் கடைசிப் பக்கம் கிடைத்தது. கள்ளன், வீடு கூட்டும் பெண்ணின் புருஷன். மனைவி கழுவிய தரையில் சேற்றுக் காலோடு போனால் என்ன நடக்கும் என்று பயந்து, களவெடுக்கப் போன இடத்திலும் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறான். பொலிஸ்காரர் பின்கதவைத் தட்ட, மணிக்கூட்டோடு முன்கதவால் வெறும் காலுறையில் ஓடியிருக்கிறான். அவனைப் பிடிக்கப் பொலிஸ்காரர் கம்பீரமாக வருகிறார். கதவைத் திறந்த மனைவி அவருடைய காலைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். சட்டத்தின் பிரதிநிதி குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு உள்ளே போய்க் கைதுசெய்கிறார்.

அதை உரத்து வாசித்தது நான்தான். இடையில் இரண்டு தரம் சிரிப்பில் நிறுத்த வேண்டி வந்தது. குருநகர் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் பொலிஸ்" என்றார்.

வாசித்து முடித்துத் தாளை மடிக்கப் போனபோதுதான் கண்டேன். மற்றவர்களின் பிரதியில் அப்படி ஒன்றும் இல்லை. என்னுடையதன் தலையில் மட்டும், ஆங்கில எழுத்துக்கு மேலே, பென்சிலால் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு. வழக்கமாக இருக்கிற இடத்தில் இருந்ததால் முழுப் பக்கத்தையும் வாசித்து முடிக்கும்வரை அது என் கண்ணில் படவே இல்லை. அது போன சனிக்கிழமை, சேர் உள்ளே வருவதற்கு முன், என் கையில் தருவதற்கென்று ரீச்சர் அப்போதே சுழி போட்டு வைத்து, கோப்பிலிருந்து எடுத்த அதே தாள்.